ஆயர் பாடுவதற்கு முன் ஒரு ‘ம்’

எங்கள் ஆலயத்தில் இப்போது கீபோர்டு வாசிக்கும் சாம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நல்ல காது, நல்ல கை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார் என்பது ஒன்றுதான் அவரிடம் உள்ள தொந்தரவு. போன மாதம் ஆராதனை முடிந்ததும் என்னை வாசலில் மடக்கினார்.

“ஆன்ட்டி, ஒரு டவுட். ஓப்பனிங் ப்ரேயர் பாடறதுக்கு முன்னாடி பேஸ்காரங்க எல்லாம் ‘ம்’னு ஒரு சத்தம் குடுக்கறாங்களே, அது எதுக்கு? மைக்ல ஃப்ரிட்ஜ் ஓடற மாதிரி விழுது. ஆன்லைன்ல பார்க்கறவங்க ஸ்பீக்கர் ப்ராப்ளம்னு கமெண்ட் போடறாங்க.”

“பேஸ்காரங்களையே கேட்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். எப்பவுமே இப்படித்தான்னு சொல்றாங்க. கட் பண்ணிடலாமா?”

எப்போதுமே இப்படித்தான் என்பது பொய். பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற பேஸ்காரர்களின் அந்த ‘ம்’ என்றைக்குத் தொடங்கியது, யார் தொடங்கினார், எதற்காகத் தொடங்கினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆர்கனில் உட்கார்ந்திருந்தவள் நான். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. எழுதித் தருகிறேன், படித்துவிட்டு வெட்டுவதா வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சாமிடம் சொன்னேன். அதுதான் இது.

நான் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆலயத்தில் அப்போது ஆர்கன் வாசித்தவர் ஒரு ஆங்கிலோ இந்தியர், பணிமனையில் ஃபோர்மேன். அவரிடம் கற்றுக்கொண்டதை எழுதினால் திட்டு வாங்கியதுதான் பாதிக்குமேல் வரும், அதனால் விட்டுவிடுகிறேன். அவர் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது கால்மிதி ஆர்கனும், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத் தாள்களும், பாடகர் குழுவான கொயரும் ஒன்றாக என் தலையில் விழுந்தன. பகலில் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வெள்ளிக்கிழமை மாலை கொயர் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. தலை நரைத்து, முழங்கால் மிதிக்க மறுக்கும்வரை இதுதான் என் பிழைப்பு. குறை ஒன்றும் இல்லை.

அந்த டிரங்குப் பெட்டிக்குள்தான் எங்கள் துரை இருந்தார்.

ஆராதனையின் தொடக்க ஜெபத்தை ஆயரும் கொயரும் மாறி மாறிப் பாடுவது ஒரு பழைய வழக்கம். கர்த்தாவே, எங்கள் உதடுகளைத் திறந்தருளும் என்று ஆயர் தனியாகப் பாடுவார். எங்கள் வாய் உம்மைத் துதிக்கும் என்று கொயர், பெண்களின் இரண்டு குரல், ஆண்களின் டெனர், பேஸ் என்று நாலு குரலில் பதில் சொல்லும். இதற்கென்றே நானூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒருவர் அமைத்த இசை அந்தப் பெட்டியில் இருந்தது. முதல் பக்கத்தைப் பூச்சி அரித்து அவர் பெயர் போய்விட்டது. அந்தக் காலத்தில் அங்கே பலர் இப்படி எழுதியிருக்கிறார்கள். இது யாருடையது என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. கொயரில் நாங்கள் எல்லோரும் அவரைத் துரை என்றே சொல்வோம். “இந்த எடத்துல துரை டெனரைக் கொன்னுட்டாரு டீச்சர்” என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்கிற மாதிரி இருக்கும்.

பாவம், துரைகளின் பிழைப்பும் லேசுப்பட்டதில்லை. ராஜா மாறினால் மதம் மாறும், மதம் மாறினால் பாட்டு மாறும். நேற்றுவரை லத்தீனில் ஒரு சொல்லை இழுத்து, வளைத்து, நெய்துகொண்டிருந்தவர்களிடம், இனிமேல் ஆங்கிலத்தில் பாடு, சொல் ஜனங்களுக்குப் புரியவேண்டும், ஒரு அசைக்கு ஒரு சுரம்தான் என்று உத்தரவு போட்டார்கள். கோபுரம் கட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு ஓட்டுவீடு கட்டச் சொன்ன மாதிரி. அவர்கள் முணுமுணுத்திருப்பார்கள், ஆனால் ஓட்டுவீட்டையும் அழகாகக் கட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் துரையின் பாட்டும் அப்படித்தான். சின்னது. வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகுதான் மனசுக்குள் ஓட ஆரம்பிக்கும்.

அதற்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தியது நான். ஆங்கிலச் சொல் குட்டை, நம் சொல் நீளம். ஆயருடைய வரி பெரும்பாலும் ஒரே சுரத்தில் நிற்பதால் அதில் எத்தனை அசையையும் ஏற்றலாம். கொயருடைய பதிலில்தான் மண்டை காய்ந்தது. எங்கள் ஆட்கள் யாரும் கோடு போட்ட இசைத்தாள் படிக்கமாட்டார்கள். டோ ரே மீ எழுத்தில் எழுதித் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். ஆகவே நாலு குரலையும் எழுத்தாக மாற்றி, பள்ளிக்கூடத்து ஸ்டென்சிலில் கீறி, உருட்டிப் பிரதி எடுத்து, மை காயுமுன்பே எடுத்துக்கொண்டு ஓடுவேன். பயிற்சி முடியும்போது எல்லோர் விரலும் ஊதா நிறத்தில் இருக்கும்.

இதில் ஒரு விதி உண்டு. தொடங்குமுன் ஆர்கனில் நான் ஒரே ஒரு சுரம் தருவேன். மெதுவாக மிதித்து, ஒரு மூச்சு நேரம் பிடித்து, கையை எடுத்துவிடுவேன். அப்புறம் ஆலயம் நிசப்தமாக இருக்கவேண்டும். அந்த நிசப்தத்திலிருந்து ஆயருடைய குரல் தனியாகக் கிளம்ப வேண்டும். அதுவரை கொயரில் யாரும் தாளைப் புரட்டக்கூடாது, இருமக்கூடாது, மூச்சுக்கூட மூக்கால்தான் விடவேண்டும். இந்த விதியில் நான் பொல்லாதவள் என்று பேர் எடுத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஆயர் ஞானமுத்து எங்களுக்கு வந்தார். அதற்கு முன்பு படப்பைக்கு அந்தப் பக்கம் கிராமத்துச் சபைகளில் இருந்தவர். ஒல்லியான, உயரமான மனிதர். பயிற்சிக்கு வந்தால் செருப்பை வாசலில் ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவார். நாம் பேசும்போது இடையில் புகமாட்டார். நாம் சொல்லுக்குத் தடுமாறினால் எடுத்துக்கொடுக்கவும் மாட்டார். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். நோயாளிகள் வீட்டில் அவரைப்போல உட்கார யாராலும் முடியாது என்று பெண்கள் சொல்வார்கள். படுத்திருப்பவர் அரை மணி நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைக்காக வந்தவர்போல உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பேச்சு திக்கும்.

லேசான திக்கல் இல்லை. சொல் தொண்டையில் வந்து நிற்கும். கண் மூடும், கழுத்து நரம்பு புடைக்கும், தாம்பரம் கேட்டில் ரயில் போகும்வரை நிற்கிற வண்டிகளைப்போல அத்தனை சொற்களும் பின்னால் காத்து நிற்கும். பிரசங்கத்தில் சமாளித்துவிடுவார். வராத சொல்லை விட்டுவிட்டு அதே அர்த்தத்தில் இன்னொரு சொல்லைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அச்சடித்த ஜெபத்தில் அந்தச் சுற்றுவழி கிடையாது. எழுதியிருப்பதைத்தான் சொல்லவேண்டும். அதுவும் ‘க’வில் தொடங்கும் சொல் அவருக்கு ஆகவே ஆகாது. எங்கள் ஆராதனையின் முதல் சொல்லே ‘கர்த்தாவே’.

வாலிபர்கள் குனிந்து சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை, அதைவிட மோசமானதைச் செய்தார்கள். அவர் ஒரு சொல்லில் நின்றதும் அந்தச் சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தார்கள். அதில் முதல் ஆள் பொன்னையா சார். சபையின் செயலாளர், பல்லாவரத்தில் வங்கி அதிகாரி, வீடு கீழ்க்கட்டளையில். எங்கள் கொயரின் மூத்த பேஸ் குரலும் அவர்தான். நாடகத்தில் வசனம் மறந்தவனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து சொல்வதுபோல், “பிதாவுக்கும்... பிதாவுக்கும்” என்று கொயர் பெஞ்சிலிருந்தே சத்தமாகச் சொல்வார். உதவி என்றே நினைத்தார். ஆயர் முகம் ஒவ்வொரு தடவையும் சுருங்கியதை நான் ஆர்கனுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு பொன்னையா சார் என்னிடம் நேராகவே சொன்னார்.

“டீச்சர், அவர்மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஹீ இஸ் எ குட் மேன். ஆனா ஆராதனை நடத்தறதுதானே அவர் வேலை? கல்யாணத்துக்கு வர்ற வெளி ஆளுங்க சிரிக்கறாங்க. அவருக்கும் அது சித்திரவதைதானே? நான் பேராயரைப் பார்த்துப் பேசிட்டு வந்துட்டேன்.”

பேராயர் சொன்ன பதில் இது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நானே வருகிறேன். அன்று மாலை ஆராதனையை முழுக்க ஆயர் ஞானமுத்துவே நடத்தட்டும். முடியாவிட்டால் ஊருக்குள் ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாளராக அனுப்பிவிடுகிறேன். கௌரவமான வேலைதான். ஆனால் பீடமும் இல்லை, பிரசங்க மேடையும் இல்லை.

மற்ற நாளில் வெறுமனே சொல்கிற தொடக்க ஜெபத்தைப் பண்டிகை மாலை ஆராதனையில் பாடுவது எங்கள் வழக்கம். துரையின் பாட்டு. ஆயர் தனியாக, நிசப்தத்திலிருந்து, ‘க’வில் தொடங்கவேண்டும்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு அவரை வரச் சொன்னேன். வந்து கொயருக்கு முன்னால் நின்றார். நான் சுரம் தந்து கையை எடுத்தேன். நிசப்தம். அவர் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி தந்தேன். மறுபடியும் இல்லை. ஆர்கனை விடாமல் பிடித்துப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை. நெற்றி வேர்வை அங்கியின் கழுத்தில் இறங்கியது.

பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டேன். “ஐயா, ‘கர்த்தாவே’ங்கறதை ‘ஆண்டவரே’ன்னு மாத்தி எழுதிடட்டுமா?”

அவர் சிரித்தார். “மாத்தலாம் டீச்சர். அ... அடுத்த வாரம் ‘ஆ’ வராது.”

“அப்ப வேற யாரையாவது பாடச் சொல்லலாமா? உபதேசியார் நல்லா பாடுவார்.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சொல் வராததாலா, யோசித்தாரா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “பாட ஆரம்பிச்சுட்டா எனக்குத் திக்காது டீச்சர். தொ... தொடக்கம்தான் வராது. இந்த ஜெபம் உங்களுக்கெல்லாம் பாட்டு. நான் காலையில எழுந்ததும் இதைத்தான் கேட்கறேன். உதட்டைத் திறன்னு. சி... சின்ன வயசிலேர்ந்து கேட்கறேன். இதை இன்னொருத்தர் எனக்காகச் சொல்ல வேண்டாம்.”

ஆர்கனுக்குத் திரும்பிப் போய், இன்னொரு தடவை என்று சுரம் தந்தேன். கையை எடுத்தேன். நிசப்தம் வரவில்லை. எங்கேயோ ஒரு வண்டு ரீங்கரித்தது.

வண்டு வேறு யாரும் இல்லை, செல்வின். மின்சார ரயில் ஓட்டுபவர், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கும் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குமாக வாழ்க்கையைக் கழித்தவர். கணீரென்ற பேஸ் குரல், ஆனால் சுரத்தை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆயருடைய வரி முடிந்து தன் முறை வருவதற்குள் அவருக்குச் சுரம் நழுவிவிடும். அதனால் நான் தந்த சுரத்தை வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ‘ம்’ என்று பிடித்து வைத்திருப்பார். எத்தனையோ தடவை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“செல்வின், வயித்துக்குள்ள வண்டு வளர்க்கறீங்களா?” என்று திட்டுவதற்குத் திரும்பினேன். திட்டவில்லை. ஏனென்றால் அதற்குள் ஆயர் பாடிக்கொண்டிருந்தார்.

“கர்த்தாவே” என்று தொடங்கி, அந்த ஒரே சுரத்தில், ஒரு சொல்லும் தடுக்காமல், கடைசிவரை. நல்ல குரல். உரசல் இல்லாத, இளைஞனுடைய குரல். கொயர் பதில் பாட மறந்துவிட்டது. ஊதா விரல்களோடு எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வின்தான் பயந்துபோய்ச் சொன்னார். “சாரி டீச்சர். நோட்டு ஓடிப்பூடும்னு புட்ச்சிகினு இருந்தேன். இனிமே பண்ண மாட்டேன்.”

“பண்ணுங்க,” என்றார் ஆயர். அவசரத்தில் அந்தச் சொல்லும் திக்கவில்லை.

மறுபடி செய்து பார்த்தோம். செல்வின் ‘ம்’ பிடித்தால் ஆயருக்கு வழி திறந்தது. செல்வின் நிறுத்தினால் அடைத்தது. வெறும் சுரம் போதவில்லை, ஆர்கனும் போதவில்லை. இன்னொரு மனிதருடைய மூச்சு ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நிசப்தத்துக்குள் தனியாக இறங்குவதுதான் அவரால் முடியாததாக இருந்தது. அந்த நிசப்தத்தைத்தான் நான் இத்தனை வருடம் போலீஸ்காரி மாதிரி காவல் காத்திருக்கிறேன்!

ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் அந்த ஓட்டத்திலேயே மற்ற ஜெபங்களையும் ராகமாகச் சொல்லிக்கொண்டு போய்விட முடிந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் தொடக்க ஜெபத்தைப் பாட்டாகவே வைத்து நாங்கள் அப்படியே செய்தோம். வாலிபர்கள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். வயதான பெண்களில் சிலர் “ஐயா ஜெபம் பண்ணா தாலாட்டு மாதிரி இருக்கு” என்றார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

பண்டிகைக்கு முந்தின பயிற்சியில் பொன்னையா சார் எழுந்து நின்றார்.

“டீச்சர், நாளைக்கு பேராயர் முன்னாடி இந்த ‘ம்’ வேண்டாம். ஒரு ஆயர் பிரார்த்தனையைத் தொடங்கறதுக்கு ஊன்றுகோல் வேணும்னா, அது அவருக்கு மரியாதையா, சபைக்கு மரியாதையா? முடியும்னா அவரே தொடங்கட்டும். முடியலைன்னா பேராயருக்கு அது தெரியணும். மறைச்சு வெக்கறது நியாயம் இல்ல.”

“இன்னா சார் இது,” என்றார் செல்வின். “நம்ம வூட்டு ஆளுக்குக் கை குடுக்கறதுல இன்னா சார் மரியாதைக் கொறைச்சல் கீது?”

“நான் செயலாளரா சொல்றேன். யாரும் சத்தம் குடுக்கக்கூடாது.”

பொன்னையா சார் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது. கொயரில் பாதிப் பேர் அவரிடம் கடன் விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்கியவர்கள். தாள்களை மடித்துக்கொண்டு கலைந்தார்கள். செல்வின் மட்டும் வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். “நீ ஒண்ணும் பேஜாராவாத டீச்சர். நான் டூட்டி மாத்திகினேன். ஆராதனைக்கு முன்னால வந்துர்றேன். எவன் சொன்னா இன்னா, நான் புடிப்பேன்.”

மறுநாள் மத்தியானத்திலிருந்து மழை கொட்டியது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று, ரயில்கள் ஊர்ந்துகொண்டிருப்பதாக நனைந்துகொண்டே வந்தவர்கள் சொன்னார்கள். ஆலயம் நிறைந்தது. பேராயர் வந்து உட்கார்ந்தார். பேஸ் பெஞ்சில் மற்றவர்கள் மழையில் மாட்டிக்கொள்ள, பொன்னையா சார் மட்டும் நின்றார். பக்கத்தில் செல்வினுடைய இடம் காலியாக இருந்தது.

எவ்வளவு நேரம் முன்னிசையை இழுப்பது? வாசித்ததையே வாசித்தேன். வாசலைப் பார்த்தேன். மழைதான் தெரிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் சுரத்தைத் தந்து கையை எடுத்தேன்.

ஆயர் பீடத்துக்கு முன்னால் நின்றார். வாய் திறந்தது. கண் மூடியது. கழுத்து நரம்பு எழுந்தது.

நிசப்தம்.

நானே ‘ம்’ என்று பிடித்தேன். ஆர்கன் தூணுக்கு அந்தப்புறம் ஓரமாக இருந்தது. மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டெனர்கள் தரையைப் பார்த்தார்கள். பேராயர் தலையைத் தூக்கினார். முன்வரிசையில் ஆயருடைய மனைவி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். ஆண்டவரே, யாராவது, யாராவது என்று நான் உள்ளுக்குள் கதறினேன். எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது.

அப்போது ‘ம்’ வந்தது.

தாழ்ந்து, தடித்து, அடிவயிற்றிலிருந்து. சுரம் இம்மிகூட நழுவவில்லை. நான் ஆர்கன் கண்ணாடியில் வாசலைத்தான் பார்த்தேன், செல்வின் வந்துவிட்டார் என்று. வாசலில் யாரும் இல்லை. பிறகு பேஸ் பெஞ்சைப் பார்த்தேன். பொன்னையா சார் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, காது சிவந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

“கர்த்தாவே” என்று தொடங்கினார் ஆயர்.

அன்றைக்குக் கொயர் பாடிய பதிலைப்போல அதற்கு முன்னும் பின்னும் பாடியதில்லை. ஆராதனை கடைசிவரை எங்கேயும் நிற்கவில்லை. துதிப்பாட்டுக்கு நடுவில் செல்வின் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்து, பொன்னையா சார் பக்கத்தில் நின்று, ஒன்றும் தெரியாதவராகப் பாடினார்.

முடிந்ததும் ஆயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையில் பொன்னையா சாரிடம் போனேன். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். சுரம் போயிடும்னு பிடிச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்.”

முப்பது வருட பேஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சுரம் சொல்கிறவர். “ஆமா சார், சில நேரம் போயிடும்” என்றேன்.

தேநீர் குடிக்கும்போது பேராயர் அவரைக் கூப்பிட்டு, “என்னவோ கஷ்டம்னு சொன்னீங்களே?” என்றார். “அதெல்லாம் சரியாயிடுச்சு, மை லார்ட்” என்றார் பொன்னையா சார், பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு. ஆயர் விடுதிக்குப் போகவில்லை. முழுக் காலமும் எங்களோடு இருந்துவிட்டு, எல்லா ஆயர்களையும்போல முறைப்படி மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் தடையில்லாமல் பேசக்கூடியவர். நிறுத்துவதுதான் அவருக்குக் கஷ்டம். அவருடைய முதல் ஞாயிற்றுக்கிழமையும் நான் சுரம் தந்து கையை எடுத்ததும் பேஸ் பெஞ்சு முழுக்க ‘ம்’ பிடித்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். இன்னொன்று இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் பொன்னையா சாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, அதோடு பேச்சும் போனது. புத்தி தெளிவாக இருந்தது, சொல் மட்டும் வரவில்லை. எதைச் சொல்ல நினைத்தாலும் “பஸ்ஸு, பஸ்ஸு” என்றுதான் வரும். கீழ்க்கட்டளையில் அவர் வீட்டுக்குச் சபையார் அணியணியாகப் போனார்கள். போனவர்கள் எல்லோரும் அவருக்குச் சொல் எடுத்துக்கொடுத்தார்கள். “தண்ணியா சார்? ஃபேனா? தலகாணியா?” அவர் கோபத்தில் இடதுகையால் டம்ளரைத் தட்டிவிடுவார். அவருடைய மனைவி தரையைத் துடைத்துக்கொண்டே அழுவார். நானும் எடுத்துக்கொடுத்தவள்தான்.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது ஆயர் ஞானமுத்து வந்தார். ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்தது. செருப்பை வாசலில் ஓரமாகச் சேர்த்து வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பொன்னையா சார் எதையோ சொல்ல ஆரம்பித்தார். “பஸ்ஸு” என்று வந்தது. கண்ணை மூடினார், கழுத்து நரம்பு புடைத்தது. ஆயர் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தார். மறுபடியும் “பஸ்ஸு.” ஆயர் காத்திருந்தார். சமையலறையில் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. பொன்னையா சாருடைய கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆயர் அதையும் அவசரப்பட்டுத் துடைக்கவில்லை.

பிறகு அவருடைய செயலற்ற வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடி, தாழ்ந்த குரலில் ‘ம்’ என்று பிடித்தார்.

எங்கள் சுரம்தான். எனக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. ‘ம்’ ஓடிக்கொண்டே இருந்தது. பொன்னையா சார் ஆயருடைய வாயைப் பார்த்தார். அவருடைய உதடு நடுங்கியது, ஒரு பக்கம் கோணியது, பிறகு திறந்தது.

“எங்கள் வாய் உம்மைத் துதிக்கும்.”

சொல் சொல்லாக, சுரம் பிசகாமல் பாடினார். கொயருடைய பதில். அதுவும் மேல்குரலின் மெட்டு இல்லை, பேஸ்காரர்கள் மட்டும் பாடுகிற கீழ்க்குரல். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. ஆனால் நானும் ஆயரும் மற்ற மூன்று குரலையும் சேர்த்தே கேட்டோம். சமையலறை வாசலில் அவருடைய மனைவி கரண்டியோடு நின்றார். பல மாதங்களுக்குப் பிறகு கணவருடைய வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தைக் கேட்டவர், அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இ... இன்னொரு தடவை,” என்றார் ஆயர்.

அதற்கப்புறம் செல்வின் டூட்டி முடிந்து போகிற வழியில் தினமும் கீழ்க்கட்டளைக்குப் போய் ‘ம்’ பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். பேச்சு முழுக்கத் திரும்பவில்லை. ஆனால் தண்ணீர் வேண்டும் என்பதையும், மனைவியின் பெயரையும் பொன்னையா சார் கடைசிவரை பாடியே சொன்னார்.

மூன்று பேரும் இப்போது இல்லை. பேஸ் பெஞ்சில் நிற்பவர்கள் யாருக்கும் அவர்களைத் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் வாய் திறப்பதற்கு முன்னால், அவர் தனியாக இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு மூச்சு கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது.

சாம், மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.